கமலாட்சி அத்தை அடிக்காத கற்பூரம்

எங்கள் தெருவில் கமலாட்சி அத்தையை ஜரிகை திருடி என்கிறார்கள். அவர் ஒரு நுனி ஜரிகைகூடத் திருடவில்லை என்பது இருபத்திரண்டு வீட்டுக்கும் தெரியும். தெரிந்துதான் அந்தப் பேரைக் கொடுத்தோம். கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

குட்டைமேட்டுத் தெரு, சின்ன காஞ்சிபுரத்தைத் தாண்டி, குப்பை கொட்டுகிற மேட்டுக்கு முன்னால் போய் முடிகிறது. முன்பு அங்கே ஒரு குட்டை இருந்தது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே குப்பை அதை மூடிவிட்டது. இப்போது மூன்று மாடி உயரத்துக்கு நிற்கிறது. வெயில் காலத்தில் உள்ளுக்குள்ளேயே புகையும். தெருவில் கடைசி வீடு அத்தையுடையது. கொல்லைக் கதவைத் திறந்தால் எதிரே மேடுதான்.

அத்தை பிள்ளையார்பாளையத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். கணவர் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மறுநாள் காலையில், அவர் உட்கார்ந்து நெய்த தறிக்குழியில் அத்தை காலை விட்டு உட்கார்ந்துவிட்டார். அகலக் கரைப் புடவையை ஒரு பொம்பளை தனியாக நெய்வதா என்று தெருவில் பேச்சு எழுந்தது. "குழி இன்னா, ஆம்பளையா பொம்பளையான்னு கேட்டுக்கினா காலை உள்ள வுடுது?" என்று அவர் கேட்டாராம். அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்படி நெய்தே மகள் துளசியைத் தாமலில் கட்டிக் கொடுத்தார்.

வாய் மட்டும் சும்மா இருக்காது. நான் ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் முடித்தேன். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எங்கள் வரிசையிலேயே முதல் பட்டம். அன்று முதல் அத்தை என்னைக் கலைவாணி என்று கூப்பிட்டதில்லை. "டிகிரி வருது, வழி வுடுங்கபா" என்பார். எனக்குக் கூச்சமாக இருக்கும். பிடித்தும் இருக்கும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நெய்யும்போது ஜரிகையில் கொஞ்சம் மிச்சம் விழும். குறுக்கே ஓடுகிற நாடாவில் தீர்ந்துபோகிற கடைசி முழம், கரையில் அறுந்த நுனி, இப்படி. எல்லா வீட்டிலும் அதைச் சேர்த்து வைத்து, உருக்கி, ஒரு மெட்டியோ குழந்தைக்கு அரைஞாணோ செய்துகொள்வது வழக்கம். முதலாளி சிவபாலனுக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டார். எங்கள் தெருவில் எல்லாத் தறிக்கும் பாவு நூலும் பட்டும் ஜரிகையும் கொடுப்பவர் அவர்தான். அத்தை மட்டும் மிச்சத்தை ஒரு பவுடர் டப்பாவில் போட்டு, புடவையோடு திருப்பிக் கொடுத்துவிடுவார். எதற்கு இந்த வீம்பு என்று அம்மா ஒருமுறை கேட்டதற்கு, "ஒருத்தர் வாயில நாம விழுந்துடக் கூடாது அம்சா" என்றார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருப் பெண்களின் கொலுசு சீக்கிரம் கறுத்துவிடும். மெட்டியும் அப்படித்தான். சபீனா போட்டுத் தேய்த்தால் ஒரு வாரம் பளபளக்கும், பிறகு கரி. குழியில் உட்கார்ந்து உட்கார்ந்து உடம்பில் சூடு ஏறிவிட்டது என்பது தெருவின் முடிவு. அதனால் வாரத்துக்கு இரண்டு எண்ணெய்க் குளியல், காலையில் வெந்தயத் தண்ணீர், பிள்ளை பெற்றவளுக்குச் சூடு தணிய கஞ்சி. அத்தையின் கொலுசுதான் எல்லோருடையதையும்விடக் கறுப்பு. அவர் பத்து வருஷம் வெந்தயத் தண்ணீர் குடித்தவர். நானும் குடித்தேன், கல்லூரியில் மூன்று வருஷம் வேதியியல் படித்துக்கொண்டே.

போன கார்த்திகையில் ஒன்பது நாள் மழை பெய்தது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால், எங்கேயோ பெரிய கட்டடம் ஒன்றை இடித்து, கூரையின் உள்பக்கம் ஒட்டியிருந்த வெள்ளை ஜிப்சம் பலகைகளை லாரி லாரியாக மேட்டில் கொட்டியிருந்தார்கள். மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கியதும் வாடை மாறியது. வழக்கமான அழுகல் இல்லை, கெட்டுப்போன முட்டை வாடை. தெருவில் பாதிப் பேருக்குத் தலைவலி. எங்கள் அம்மா இரண்டு நாள் வாந்தி எடுத்தார். கொஞ்ச நேரம் போனால் மூக்குப் பழகி, வாடையே இல்லாததுபோல் ஆகிவிடும். அதனால் எல்லோரும் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம்.

தறிக்குழிகளில் தண்ணீர் ஊறியதால் நெசவு நின்றது. அத்தை அப்போது தை மாத முகூர்த்தத்துக்கு ஒரு அரக்குப் புடவை நெய்துகொண்டிருந்தார். நெய்த துணி படைமரத்தில் சுற்றிக்கொள்ளும். நூலைத் தட்டி நெருக்குகிற அச்சுக்கும் படைமரத்துக்கும் நடுவில் ஒன்றரைச் சாண் துணி மட்டும் திறந்து கிடக்கும். மழைக்கு நான்கு நாள் ஒரே இடத்தில் கிடந்தது. பிறகு கொஞ்சம் நெய்தார். மறுபடி அமாவாசை விடுமுறை, மறுபடி மழை. மங்கலாகத் தெரிந்ததை ஈரம் என்று நினைத்து, மேலே நெய்து சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

புடவையைக் கொடுக்கப் போன சனிக்கிழமை அம்மாவும் உடன் போயிருந்தார். அம்மா சொன்னதை வைத்து எழுதுகிறேன். சிவபாலன் பாயில் புடவையை உதறி விரித்தார். கரையில் நல்ல பொன் நிறம், அதன் பிறகு ஒன்றரைச் சாண் கரிப்பட்டை, மறுபடி பொன், மறுபடி கரி. மூன்று பட்டைகள், கத்தரித்து ஒட்டியதுபோல. நல்ல ஜரிகையை நடுநடுவே எடுத்துக்கொண்டு செம்பு ஜரிகையைப் போட்டு நெய்தால் அப்படித்தான் இருக்கும். சிவபாலன் சத்தம் போடவில்லை. அத்தை தந்த பவுடர் டப்பாவை எடுத்து, திறக்காமல், ஓரமாக வைத்தாராம்.

அத்தை தெருவே கேட்கிற மாதிரி கத்தியிருக்கிறார். நான் எடுக்கவில்லை, ஜரிகை சோதிக்கிற மெஷினில் வைத்துப் பாருங்கள் என்றிருக்கிறார். மெஷின் ஆள் சொன்னபடி சொல்லும், கற்பூரம் சொல்லாது என்றாராம் சிவபாலன். வெள்ளிக்கிழமை தெருக் கோயிலில் அம்மன் முன்னால் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். செய்துவிட்டால் அவரை விட்டுவிடுவார். பிறகு இந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது என்று தெருவில் உள்ள எல்லாத் தறியையும் அவிழ்த்துப் பார்ப்பார். அத்தை அந்த இடத்திலேயே சரி என்றுவிட்டார்.

நான் ஒரகடம் பக்கம் ஒரு சோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். கழிவுநீர் சோதனை. அம்மா பட்டைகளைப் பற்றிச் சொன்னதும் எனக்குக் கொலுசு ஞாபகம் வந்தது. இவ்வளவு காலம் ஏன் வரவில்லை என்று இன்றும் கேட்டுக்கொள்கிறேன். ஈய அசிடேட்டில் நனைத்துக் காயவைத்த தாள் எங்கள் கூடத்தில் உண்டு. அழுகின முட்டை வாடை அடிக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு பட்டால் வெள்ளைத் தாள் கறுக்கும். வெள்ளியைக் கறுக்க வைப்பதும் அதே வாயுதான். குப்பை அழுகினால் வரும், நனைந்த ஜிப்சம் பலகை சேர்ந்தால் இன்னும் அதிகமாக வரும். ஜரிகை என்பது பட்டு நூலில் சுற்றிய வெள்ளி, அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத கனத்தில் தங்கப் பூச்சு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரு முனையிலிருந்து கடைசி வீடு வரை ஆறு இடங்களில் தாள் கட்டினேன். மதியத்துக்குள் முனையில் கட்டியது லேசாகப் பழுப்பேறியிருந்தது. எங்கள் வீட்டில் கட்டியது டீ நிறம். அத்தையின் கொல்லையில் கட்டியது அடுப்புக் கரி.

அத்தை அந்தத் தாளைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்தார். வெள்ளியைத் தின்கிற இந்தக் காற்றைத்தான் நாம் மூச்சாக இழுக்கிறோம் என்றும் சொன்னேன். அது அவர் காதில் விழவில்லை.

"அப்போ எனுக்கு உடம்பு சூடு இல்லியா?"

"இல்ல அத்தை."

"பத்து வருசமா அந்தக் கசப்புத் தண்ணிய குடிச்சேனே டிகிரி. மொதல்லயே சொல்லக் கூடாதா?"

சிரித்தார். நானும் சிரித்தேன். வெள்ளிக்கிழமை கற்பூரத்தை அடித்து முடித்ததும், நான் அந்தத் தாளை முதலாளியின் முகத்துக்கு நேராக நீட்ட வேண்டும் என்று பேசிக்கொண்டோம். அவர் நடித்துக் காட்டினார், சிவபாலன் எப்படி விழிப்பார் என்று. எனக்குப் பெருமையாக இருந்தது. படித்தது முதல் முறையாக எங்கள் தெருவுக்குப் பயன்படுகிறது. அந்தப் பெருமையில் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனார்.

வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் தெருவே உட்கார்ந்திருந்தது. பேசியவர் குமாரசாமி. அறுபது வயது. அவர் வீட்டில் மூன்று தறி ஓடுகிறது. தெருவுக்கு ஒன்று என்றால் அவரைத்தான் கேட்பார்கள். அத்தையைக் கூப்பிட்டு அனுப்பினார். அத்தை வந்து அம்மாவின் தறி ஓரம் தரையில் உட்கார்ந்தார். தனக்குத் துணையாகத்தான் எல்லோரும் கூடியிருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார் போல. முகம் அப்படி இருந்தது.

குமாரசாமி முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டார். அவர் புடவையிலும் அந்த மழையில் மங்கல் விழுந்திருந்தது. துணியால் தேய்த்துத் தேய்த்து, மாலை வெளிச்சத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். இன்னும் நான்கைந்து வீட்டில் அதேதான். அத்தையின் வீடு மேட்டை ஒட்டி இருப்பதால் அவருடையது பட்டையாகத் தெரிந்துவிட்டது.

"நீ கற்பூரத்த அடிச்சா நீ சுத்தம், அது சரி," என்றார். "மறுநாளே அவுரு தெரு பூரா அவுத்துப் பாப்பாரு. காத்துதான் காரணம்னு தெரிஞ்சா குட்டைமேட்டுக்கு ஒரு மொழம் ஜரிகை வருமா? அவுருக்கு இன்னா, வேற தெருவுல தறி இல்லியா?"

"அதுக்கு நான் இன்னா மாமா பண்ணணும்?"

"கோயிலுக்கு வா. வந்து நில்லு. அடிக்காத. அவ்ளோதான். எடுத்தேன்னு வாயால சொல்ல வேணாம்."

அத்தை சுற்றிலும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு, "வாயால சொல்ல வேணாமா? பரவால்லியே மாமா, சலுகையெல்லாம் குடுக்கிற" என்றார்.

நான் குறுக்கே பேசினேன். தாள் இருக்கிறது, இதை வைத்து மனு கொடுக்கலாம், மேட்டை மூடச் சொல்லலாம், முதலாளியையே நம் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம் என்றேன். குமாரசாமி பொறுமையாகக் கேட்டார்.

"மனு குடு கலை. நாத்தம் போறதுக்கு எத்தினி வருசம் ஆவும்னு சொல்லு. அதுவரைக்கும் உங்கம்மா இன்னா நெய்வா?"

அம்மாவின் தறியில் பாதி நெய்த பச்சைப் புடவை கிடந்தது. என் கல்லூரிக் காலம் முழுவதும் அந்தத் தறி ஓடித்தான் நான் படித்தேன்.

அத்தை என் பக்கம் திரும்பினார்.

"டிகிரி, நீதான காயிதம் கட்டினவ. நீ சொல்லு. அடிக்கட்டுமா, வேணாமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா பார்க்கவில்லை. குனிந்து பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"இப்போதைக்கு வேணாம் அத்தை," என்றேன்.

அந்த 'இப்போதைக்கு' எங்கிருந்து வந்தது என்று பல முறை யோசித்திருக்கிறேன். அதற்குள் எந்தத் திட்டமும் இல்லை. நான் கெட்டவள் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொள்ள ஒரு சொல் வேண்டியிருந்தது. அத்தைக்கு அது புரிந்ததா என்று தெரியாது. "சரி" என்று எழுந்து, புடவையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. கோயில் வாசலில் தெரு முழுவதும் நின்றது. பூசாரி தட்டில் ஒரு பெரிய கற்பூரக் கட்டியை வைத்துக் கொளுத்தினார். சிவபாலன் ஒதுங்கி நின்று, "அடிமா" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அடித்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று அவருக்கே இருந்தது போலத்தான் எனக்குப் பட்டது.

அத்தை தட்டுக்கு முன்னால் இரண்டு கையையும் தொங்கவிட்டு நின்றார். தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்திருந்தார். கற்பூரம் அவ்வளவு நேரம் எரியும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. நடுவில் ஒருமுறை அவர் வலது கை மேலே எழுந்தது. குமாரசாமி ஓரடி முன்னால் வந்துவிட்டார். எனக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். அத்தை கன்னத்தில் ஒட்டியிருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார். கை மறுபடி கீழே போயிற்று. பின்னால் இருந்த மூச்சு வெளியே வந்தது.

கற்பூரம் தானாக அணைந்தது. தட்டில் ஒரு கறுப்பு வட்டம்.

"நீ அடிப்பேன்னு நெனச்சேன் கமலாட்சிமா," என்றார் சிவபாலன். பிறகு ஏதோ விளங்கிவிட்டதுபோலத் தலையை ஆட்டினார். "இத்தினி வருசமா டப்பாவுல மிச்சத்த திருப்பிக் குடுத்தியே. அது என் கண்ணக் கட்டத்தானா?"

அதுவரை குனியாத அத்தையின் தலை அப்போது குனிந்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண், "அட, ஆமா" என்று முணுமுணுத்தாள். அவளுக்கு உண்மை தெரியும். முந்தின நாள் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தவள்தான்.

மதியமே முதலாளியின் ஆட்கள் வந்து அத்தையின் தறியிலிருந்து பாவு நூலையும் அச்சையும் படைமரத்தையும் கழற்றிக்கொண்டு போனார்கள். வேறு முதலாளி யாரும் அவருக்குப் பாவு தரவில்லை. தெருவில் யாராவது ஒருவர் தன் தறியில் கூலிக்கு உட்கார வைத்திருக்கலாம். ஜரிகை திருடியைத் தறியில் உட்கார வைத்தால் தங்கள் மேல் சந்தேகம் வரும் என்றார்கள். எங்கள் அம்மாவும் அதையேதான் சொன்னார். தாமலில் துளசியின் மாமியாருக்குச் செய்தி போயிற்று. பொங்கலுக்கு அவள் வரவில்லை. குழந்தையின் காதுகுத்துக்கு அத்தையைக் கூப்பிடவும் இல்லை.

நெசவு தெருவில் நன்றாக நடக்கிறது. அதற்கு வழி சொன்னவள் நான்தான். தறியை விட்டு எழும்போது திறந்து கிடக்கிற துணியை நல்ல பாலித்தீன் தாளால் மூட வேண்டும். உள்ளே கரித்தூள் பொட்டலம் வைக்க வேண்டும். ஜரிகையைக் காற்றுப் புகாத டப்பாவில் போட வேண்டும். ஒரு வீடு விடாமல் செய்கிறார்கள். மூடிய தறிக்குப் பக்கத்திலேயே பாய் விரித்து, திறந்த மூக்கோடு படுத்துக்கொள்கிறோம். புடவைகள் பளபளவென்று போகின்றன. சிவபாலன் குட்டைமேட்டு வேலையைப் பற்றி நாலு இடத்தில் நல்லதாகச் சொல்கிறாராம். மேட்டை மூடச் சொல்லி நான் எழுதிய மனு, பெற்றுக்கொண்டதற்கான ரசீதோடு நிற்கிறது. தை பிறந்ததும் மேட்டில் மறுபடி லாரி லாரியாக ஜிப்சம் பலகை வந்தது.

அத்தை இப்போது அந்த மேட்டில்தான் வேலை செய்கிறார். குப்பை பிரிக்கிற கொட்டகையில் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக்கைத் தனியாக எடுத்துப் போடுகிற வேலை. வேறு எங்கும் கிடைக்கவில்லை. கொல்லைக் கதவைத் திறந்தால் போய்விடலாம் என்று அவரே கேலி பேசினார். மாசியிலிருந்து இருமல். கண் எப்போதும் சிவந்திருக்கிறது. காலில் கொலுசு இல்லை.

ஒரு நாள் சாப்பிடும்போது அம்மா தானாகவே ஆரம்பித்தார். "எதுவும் எடுக்காமயா கமலாட்சி அக்கா அப்பிடி வாய மூடிக்கினு நின்னுது?"

நான் கையை உதறிவிட்டு எழுந்தேன். அம்மா, எதற்காக அவர் நின்றார் என்று உனக்குத் தெரியாதா, நீதானே உட்கார்ந்திருந்தாய் என்று கேட்டேன். அம்மா என்னைக் குழப்பத்தோடு பார்த்தார். நடிப்பு இல்லை. ஞாபகம் இருந்தது. ஆனால் அந்த ஞாபகத்தின் மேல் இன்னொன்று வந்து உட்கார்ந்துவிட்டது. எரிகிற கற்பூரத்தின் முன்னால் கையை ஓங்காமல் நின்ற ஒருத்தியை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். நான் கட்டிய தாளை அப்படிப் பார்க்கவில்லை. அந்தத் தாள்கள் ஆறும் என் சான்றிதழ் கோப்பில் இருக்கின்றன. வெளியே எடுக்காமல் வைத்திருக்கிறேன்.

பங்குனியில் ஒரு நாள் காலையில் அத்தை எங்கள் வீட்டுக்கு உறைமோர் கேட்டு வந்தார். கற்பூரத்துக்குப் பிறகு எங்கள் வாசல் ஏறியது அதுதான் முதல் முறை. அம்மா தரையில் உட்கார்ந்து நாடாவுக்கு ஜரிகை சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் டப்பா திறந்திருந்தது. அத்தையின் நிழல் பாயில் விழுந்ததும் அம்மாவின் கை, அம்மாவுக்கே தெரியாததுபோல, டப்பாவை இழுத்து முந்தானைக்குக் கீழே கொண்டுபோயிற்று.

அத்தை பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார். அம்மாவின் கை முந்தானைக்குள் அப்படியே நின்றுவிட்டது, வெளியே எடுக்கவும் முடியாமல், உள்ளே வைக்கவும் முடியாமல்.

"நல்லா மூடி வையி அம்சா," என்றார் அத்தை. "காத்து பட்டா கறுத்துடும்."

அம்மா மூடியை அழுத்தி மூடினார். நான் அடுப்படிக்குப் போய் ஒரு டம்ளரில் உறைமோர் ஊற்றிக்கொண்டு வந்தேன். அத்தை வாசப்படிக்கு வெளியே இறங்கி நின்று, கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.